தக்காளிப் பூ என்ன நிறம்?

லண்டன் மனோர் பார்க்கில் நான் வேலை பார்த்த கடையில் ஒரு சொல்லை மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் வெளியே போய்விட வேண்டும். கல்லாவுக்கு மேலே ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தது. சட்டம் அனுமதிக்காத செடிகளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இங்கே பொருள் விற்கப்படாது என்று.

வீட்டுக்குள்ளே செடி வளர்க்கிறவர்களுக்கான கடை அது. விளக்கு, காற்றாடி, கறுப்புத் துணிக் கூடாரம், போத்தல் போத்தலாகப் பசளை, அதாவது செடிக்கு விடுகிற உரம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்ன வளர்க்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் கடைக்குள் எல்லோரும் தக்காளிதான் வளர்த்தார்கள். கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தவனும் தக்காளி. காரை ஓடவிட்டபடியே நடைபாதையில் ஏற்றிவிட்டு உள்ளே ஓடிவந்தவனும் தக்காளி. இவ்வளவு தக்காளி உண்மையாகவே காய்த்திருந்தால் கிழக்கு லண்டனில் ஒருவரும் காசு கொடுத்துத் தக்காளி வாங்கியிருக்க மாட்டார்கள்.

கடைக்காரரை எல்லோரும் ஹொலண்ட் அண்ணை என்றார்கள். நெடுங்காலம் ஒல்லாந்தில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், இவள் ஏன் எழுதுகிறாள், யார் எழுதச் சொன்னது, இதில் யாருக்கு என்ன லாபம் என்று சாப்பாடு தூக்கமில்லாமல் யோசிப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

எதிரே ஒரு வான் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றால் போதும். "உதுக்குள்ள ஆக்கள் இருக்கினம்" என்பார். பார்சல் கொண்டுவருகிறவன் சிரித்தால், ஏன் சிரிக்கிறான்? சிரிக்காவிட்டால், எதை மறைக்கிறான்? என்னை வேலைக்கு எடுத்த அன்று, "எங்க இருந்து வாறியள்?" என்று கேட்டார். பிளேஸ்டோ என்றேன். மகள் பள்ளிக்கூடம் போனபிறகு நேரம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"பிளேஸ்டோவில கடையள் இல்லையோ?" என்றார்.



புதிதாக வருகிற எவரையும் அவர் ஒரு கேள்வி கேட்பார். தக்காளிப் பூ என்ன நிறம்? ஏதோ பொழுதுபோக்குக்குக் கேட்கிறவர்போல, பசளை அடுக்கிய தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்பார். சிவப்பு என்பார்கள். வெள்ளை என்பார்கள். ஒருவன் நெடுநேரம் கூரையைப் பார்த்துவிட்டு, தன்னுடைய தக்காளி பூக்கிற வகை இல்லை என்றான். அண்ணை என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு அவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுப்பார்.

"பிழையாச் சொன்னாலும் குடுக்கிறியள். பேந்து என்னத்துக்கு அண்ணை கேக்கிறியள்?"

"பொய் சொல்லுறான் எண்டு தெரிஞ்சிருந்தால் ஒரு நிம்மதி, தங்கச்சி. போலீஸ் அனுப்பின ஆள் எண்டால் படிச்சிட்டு வந்திருப்பான்."

முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. நான் சேர்வதற்கு முன்பு, எங்கோ ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் உள்ளே போனபோது, கடைப் பெயர் போட்ட பை ஒன்று அங்கே கிடந்திருக்கிறது. இரண்டு பேர் வந்து கல்லாவடியில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தெரிந்துகொண்டே விற்றார் என்று யாராவது நிரூபித்தால் கடையும் போகும், ஆளும் உள்ளே போகவேண்டி வரும். அன்றிலிருந்து பைகளில் பெயர் இல்லை. அந்தச் சொல்லுக்கும் இடமில்லை, தமிழில்கூட. "போலீசிலயும் எங்கட பிள்ளையள் இருக்கினம்" என்பார்.

இன்னொன்று, வாடிக்கையாளர் கொண்டுவருகிற எதையும் அவர் தின்னமாட்டார். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு யாரோ ஒருவன், தக்காளி நன்றாக வந்தது என்று சொல்லி, நன்றிக்குக் கேக் கொடுத்திருக்கிறான். மண்ணிறக் கேக். அதில் கலந்திருந்தது அந்தத் 'தக்காளி'. அண்ணை நம்பிச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி, கடைசித் தரிப்புவரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்து, மறுபடியும் போயிருக்கிறார். இறங்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லையாம். வழி நெடுகச் சிரிப்பாம். இதை அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. அதற்குப் பிறகு யார் என்ன கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்குவார், அவர்கள் கதவைத் தாண்டியதும் குப்பைத் தொட்டியில் போடுவார். தீபாவளிக்கு வந்த லட்டையும் போட்டார்.

தண்ணீர், பசளை என்று பேச்சு வந்துவிட்டால் மட்டும் குரல் இளகிவிடும். முதல் முறை வளர்க்க வருகிறவர்கள் போனில் எதையோ பார்த்துவிட்டு, புலிப் படம் போட்டது ஒன்று, ராக்கெட் போட்டது ஒன்று, மண்டையோடு போட்டது ஒன்று என்று கூடையை நிரப்புவார்கள். அண்ணை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பார். வியாபாரிக்கு அழகில்லைதான்.

"எல்லாம் உப்புத்தான். படம்தான் வேற" என்பார். இலை வைக்கிற காலத்துக்கு ஒன்று, பூவும் காயும் வைக்கிற காலத்துக்கு ஒன்று, அது போதும். அதிலும் போத்தலில் எழுதியிருப்பதில் பாதி. "போத்தில் விக்கிறவன் போத்தில் கெதியா முடியவேணும் எண்டுதான் எழுதுவான். முதல் தரம் வைக்கிற ஆக்கள் செடியைப் பட்டினி போட்டுச் சாக்காட்டுறேல்லை. தீத்தித் தீத்தித்தான் சாக்காட்டுறவை." பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதை எங்கள் பக்கத்தில் தீத்துவது என்போம்.

தண்ணீரைப் பார்க்காமல் பசளை கொடுக்கமாட்டார். லண்டன் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெற்றிலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிற தண்ணீர். "உங்கட பைப்பிலயே பாதிச் சாப்பாடு வருது. மிச்சம் எவ்வளவு எண்டு தண்ணியைப் பாத்துத்தான் சொல்லலாம்." ஆகவே எல்லோரும் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் எழுதுகிற பேனை மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார். தண்ணீரில் முனையை வைத்தால், அதில் என்னென்ன கரைந்திருக்கிறது என்பதற்கு ஓர் இலக்கம் காட்டும். என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்த அண்ணை, நான் கொடுத்த தண்ணீர்க் கிளாசுக்குள்ளும் அந்தப் பேனையை வைத்துப் பார்த்தார். என் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்கட வீட்டுத் தண்ணியில நஞ்சோ?" என்று அன்றிரவு என்னிடம் சண்டை.

கடைக்குப் பின்னால் ஓர் அறை எப்போதும் பூட்டிக் கிடக்கும். கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரியும், காற்றாடிச் சத்தமும் கேட்கும். அவரோடு இருந்து இருந்து எனக்கும் சந்தேகம் தொற்றிவிட்டது. ஊருக்கெல்லாம் சட்டம் பேசிக்கொண்டு இவர் உள்ளே என்ன வைத்திருக்கிறார்? பிடிபட்டால் நானும் அல்லவா மாட்டுவேன்? வேலையை விடுவதா என்றுகூட யோசித்தேன். ஒருநாள் அவர் சாமான் இறக்கப் பின்பக்கம் போனபோது கதவு திறந்தபடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். தக்காளி. கூரைவரை கயிற்றில் ஏறிப் போன கொடிகள், கொத்துக் கொத்தாகப் பழம். நான் நிற்பதைக் கண்டு ஓடிவந்து கதவைச் சாத்தினார். ஒல்லாந்தில் கண்ணாடிக் கூடங்களில் அவர் செய்த வேலை அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. தக்காளி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கென்று நினைத்துத்தான் கடையையும் திறந்திருக்கிறார், பாவம்.

"தக்காளியை ஏன் அண்ணை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"இந்தக் கடைக்குள்ள தக்காளி எண்டால் ஆர் நம்புவினம்?" என்று பூட்டை இழுத்துப் பார்த்தார்.

அந்த அம்மா வந்தது ஒரு மாசி மாதக் குளிரில். அறுபது வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்கிய கோட்டு, வேலைக்குப் போகிறவர்களின் தட்டைச் சப்பாத்து. கூடாரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, வீட்டுக்குள்ள ஒரு செடி வைக்கப் போறன். முதல் தரம். என்ன பசளை, என்ன தண்ணி எண்டு சொல்லுவியளோ?"

என்ன செடி என்று அண்ணை யாரிடமும் கேட்பதில்லை. "தக்காளிப் பூ என்ன நிறம் அக்கா?" என்றார்.

"மஞ்சள்." அந்த அம்மா யோசிக்கவே இல்லை. "சின்னன். தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கும்."

குழாய்த் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவரை அனுப்பிய பிறகு அண்ணை கதவுவரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். "படிச்சிட்டு வந்திருக்கிறா" என்றார்.

"பூ மஞ்சள் எண்டு எனக்கும் தெரியும் அண்ணை."

"நீங்கள் என்னட்டைப் பசளை கேக்கேல்லையே."

அந்த வாரமே அந்த அம்மா தண்ணீரோடு வந்தார். கைப்பையிலிருந்து எடுத்து வைத்தது மாதா சிலை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் போத்தல். தலையில் நீல மணிமுடி, அதுதான் மூடி. பிரான்சிலுள்ள லூர்துக்கு யாத்திரை போன எந்த வீட்டிலும் அந்தப் போத்தல் இருக்கும். தீர்த்தம் பிடித்துக்கொண்டு வருவதற்கென்றே அங்கே விற்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பிரிட்ஜுக்கு மேலே ஒரு மாதா நிற்கிறா.

"வேற போத்தில் அம்பிடேல்லை. குசினிப் பைப் தண்ணிதான் தம்பி" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு.

அண்ணை ஒரு சின்னக் கிளாசில் ஊற்றிப் பேனையை வைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். "எங்க இருக்கிறியள்?"

"செவன் கிங்ஸ்."

போத்தலை மூடித் திருப்பிக் கொடுத்தார். பசளை முடிந்துவிட்டது, பிறகு வாருங்கள் என்றார். பின்னால் தட்டு நிறையப் பசளை இருந்தது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

"அது செவன் கிங்ஸ் தண்ணி இல்லை. இந்தப் பக்கத்துத் தண்ணியே இல்லை. சுண்ணாம்பு காணாது" என்றார் அண்ணை. கிளாசைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயையும் திறந்துவிட்டார். "உவவை ஆரோ அனுப்பியிருக்கினம்."

"மாதா போத்திலோட வாற மனிசியை ஆர் அண்ணை அனுப்பப் போகினம்?"

"அந்தப் போத்தில்தான் எனக்குப் பயமாக் கிடக்கு."

சில நாள் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தபோது கையில் அதே மாதிரி இன்னொரு மாதா. கண் சிவந்திருந்தது. தங்கள் வீட்டில் இரண்டு போத்தல், ஒன்றில் லூர்துத் தண்ணீர், மற்றது வெறும் போத்தல் என்றார். வெறும் போத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கிறார். கடைக்கு எடுத்து வந்தது மாறிப் போய்விட்டது.

"அண்டைக்கு உங்களுக்குத் தந்தது லூர்துத் தண்ணி, தம்பி. என்ர மனிசன் வருத்தம் வந்து படுக்கையாக் கிடக்கிறார். அவருக்கு விடிய ஒரு மூடி பருக்கிறனான். இவ்வளவு நாளும் பருக்கினது பைப் தண்ணி. வாயில ஒரு ருசியும் தெரியாத மனிசன், அவர்தான் சொன்னவர், இது கெற்றில் தண்ணி மாதிரிக் கிடக்குதெண்டு."

நான் அண்ணையைப் பார்க்கவில்லை. அன்று அவர் கிளாசைக் கவிழ்த்த தொட்டியைப் பார்த்தேன். அவர் புதிய போத்தலில் பேனையை வைத்தார். "ஓம், இது செவன் கிங்ஸ்தான்" என்று சிரித்தார். அவர் கடைக்குள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. தட்டிலிருந்து இரண்டு பசளைப் போத்தல்களை எடுத்து வைத்து, எதை எப்போது விடுவது என்று தொடங்கினார். கழுத்தில் பச்சை குத்தியவன் கூடையோடு வரிசையில் நின்றான்.

"தம்பி, உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை" என்றார் அந்த அம்மா. "நான் வைக்கப் போறது தக்காளி இல்லை."

"அக்கா, சொல்லாதேங்கோ."

"அவருக்கு வயித்தில கட்டி. சாப்பாடு இறங்குதில்லை. ஆரோ சொன்னவை, கஞ்சா குடுத்தால் பசிக்குமாம். ஒரேயொரு செடி. பாவமெண்டால் அதை நான் கோயில்ல சொல்லிக்கொள்ளுறன்."

வரிசையில் நின்றவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சொல் எந்த மொழியில் வந்தாலும் அவனுக்கு விளங்கும் போலும், தலையை நிமிர்த்தினான். அண்ணை இரண்டு போத்தல்களையும் எடுத்துத் திரும்பவும் தட்டில் வைத்தார். லேபிள் முன்பக்கம் வரும்படி திருப்பியும் வைத்தார்.

"நீங்கள் போகவேணும் அக்கா."

அந்த அம்மா கல்லாவுக்கு மேலே இருந்த அறிவித்தலை மெதுவாக வாசித்தார். "பொய் சொல்லியிருந்தால் தந்திருப்பியளோ?"

"ஓம்" என்றார் அண்ணை.

மாதாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வெளியே போனார். கதவை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்ததாகப் பச்சை குத்தியவன் முன்னால் வந்து, தன் தக்காளி வாடியிருக்கிறது என்றான். அண்ணை அவனுக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கூடையைத் தூக்கி எறிந்திருப்பேன். அவன் போனதும் கேட்டேன்.

"கள்ளருக்கெல்லாம் குடுத்துப்போட்டு, உண்மை சொன்ன மனிசியைத் துரத்துறியள். உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ அண்ணை?"

"அவ சொல்லாமல் இருந்திருக்கலாம்." குரல் இறங்கிவிட்டது. "நான் ஆரையும் சந்தேகப்படலாம், தங்கச்சி. தெரிஞ்சிருக்கக்கூடாது. தெரிஞ்சுகொண்டு குடுத்தால் நான் முடிஞ்சன்."

அதன் பிறகு நான் அவரோடு தேவைக்கு மட்டும் பேசினேன்.

குளிர் விடத் தொடங்கிய நேரம் அந்த அம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை எங்கும் சுற்றிப் பார்க்கவில்லை. நேரே வந்து, மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்கிறவர்போல, "தம்பி, நான் தக்காளி வளர்க்கப் போறன்" என்றார்.

அண்ணை அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பூவின் நிறம் கேட்கவில்லை. அதே இரண்டு போத்தல்களை எடுத்துப் பையில் போட்டார். "எழுதியிருக்கிறதில பாதி. அதிலயும் கொஞ்சம் குறைச்சு. உங்கட தண்ணிக்கு அது போதும்" என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா போனதும் அண்ணை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நல்ல மனிசியைப் பொய் சொல்லப் பழக்கிப்போட்டன்" என்றார். அன்று முழுக்க வந்தவர் ஒருவரிடமும் அவர் கேள்வி கேட்கவில்லை. எனக்குக் கோபம் போய்விட்டது. மனதுக்குள் ஒரு பயம் மட்டும் இருந்தது. அந்த அம்மா பிடிபட்டால் என்ன ஆகும், அவருடைய கணவர் என்ன ஆவார் என்று. சைரன் சத்தம் கேட்டால் நானும் அண்ணையைப் போலவே கதவுவரை போய்ப் பார்த்தேன்.

பள்ளிக்கூடக் கோடை விடுமுறை முடிகிற தறுவாயில் ஒரு மத்தியானம் அந்த அம்மா வந்தார். கறுப்புச் சேலை. கண்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. கையில் இருந்த துணிப்பையைக் கல்லாவில் கவிழ்த்தார். தக்காளிப் பழங்கள் உருண்டன. ஒன்று கீழே விழப்போனதை அண்ணை கையால் மறித்தார்.

"அக்கா, இது?"

"உங்களுக்குத் தக்காளி எண்டு சொல்லிப்போட்டன். பேந்து வேற என்னத்தை வைக்கிறது?"

நான்தான் கேட்டேன். "ஐயா பாத்தவரோ அன்ரி?"

"பூவைப் பாத்தவர். கட்டில்ல இருந்துகொண்டே, மஞ்சளாப் பூத்திருக்கு எண்டு வாற போற ஆக்களுக்கெல்லாம் சொன்னவர். காய் வைக்க முந்திப் போயிட்டார்."

அண்ணை உருண்ட பழங்களை ஒன்றுசேர்த்தார். "தண்ணி என்ன விட்டனியள்?"

"பைப் தண்ணிதான். நீங்கள் சொன்ன அளவு பசளை. கடைசியில அந்த லூர்துத் தண்ணி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவருக்குத் தேவைப்படேல்லை. அதையும் இதுக்குத்தான் ஊத்தினன்."

அண்ணை ஒரு பழத்தை எடுத்தார். காம்படியை மூக்கருகே வைத்து மணந்தார். மற்றக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனையைத் தொட்டது. இந்த மனிதர் இப்போதும் சோதிக்கப் போகிறாரா என்று எனக்குப் பதறியது. கை வெறுமனே திரும்பி வந்தது. கழுவாமல், துடைக்காமல், அந்த அம்மாவுக்கு முன்னாலேயே பழத்தைக் கடித்தார். சாறு வாயோரமாக நாடியில் வழிந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் உப்புக் கொண்டாங்கோ" என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். தட்டுத் தட்டாக உப்பு, புலியும் ராக்கெட்டும் மண்டையோடுமாக. சாப்பிடுகிற உப்பு ஒரு கல்கூடக் கிடையாது. பக்கத்துக் கடைக்கு ஓடினேன். உப்புப் பைக்கட்டோடு நான் திரும்பி வந்தபோது அவர் இரண்டாவது பழத்தையும் முடித்திருந்தார்.